பச்சை அட்டையும் நாலு டிகிரி அண்ணனும்

எங்கள் உணவகத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு பச்சை அட்டை ஒட்டியிருந்தது. 'சுகாதாரச் சோதனை முடிவு: நன்று' என்று தடித்த எழுத்தில் இருக்கும். கீழே தேதி, முத்திரை. தெருவில் போகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் விலைப்பட்டியலை. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் நின்று, தேதியைக்கூடப் படித்துவிட்டு உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்த்திருக்க வேண்டியது அதையல்ல. சமையலறையின் பின்பக்கம், நாங்கள் செருப்பைக் கழற்றிவிடும் இடத்துக்கு மேலே ஒரு பலகை உண்டு. எங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் அங்கே வரிசையாக இருக்கும். அந்த உணவகத்தில் வேலை செய்த எட்டுப் பேரும் கடைசி ஒரு வருஷம் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்துதான் கொண்டுவந்தோம்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நானும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. முதலில் காய் நறுக்கினேன், பிறகு குளிர்ச்சியாகப் பரிமாறும் தட்டுகளை அடுக்கினேன், மொத்தம் பதினோரு வருஷம். இப்போது ஊரில், அங்கே குளிர் அறையைப் பார்த்துக்கொண்ட அண்ணனைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். விஷம் வைத்தவன் என்கிறவர்களும் உண்டு, பாவம் முதலாளி சொன்னதைச் செய்தார் என்கிறவர்களும் உண்டு. இரண்டையும் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மீதும் கோபம் வருகிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே 'அண்ணே'. முதுகுக்குப் பின்னால் 'நாலு டிகிரி'. அது கேலியாக வைத்த பெயர் இல்லை, மரியாதையாக வைத்தது. ஐஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். அது மூடப்பட்ட பிறகு எங்களிடம் வந்தார். சமையலறைக்குப் பின்னால் ஒரு குளிர் அறை. இரண்டு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம். இறைச்சி, மீன், பால், முட்டை, முந்தின நாள் செய்து வைத்தவை எல்லாம் அதில்தான். அந்த அறைதான் அவர் பொறுப்பு. அறைக்குள் ஐந்து டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அண்ணன் நாலில் வைத்திருப்பார். கனத்த இரும்புக் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்து "நாலு" என்பார். பக்கத்தில் இருக்கும் வெப்பமானியைப் பார்த்தால் முள் நாலில் நிற்கும். சமையல் மாஸ்டர் ஒரு டீ பந்தயம் கட்டி, தோற்று, மறுபடி கட்டி, கடைசியில் பந்தயத்தையே விட்டுவிட்டார்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாதத் தாள் தொங்கும். காலை, மத்தியானம், மாலை என்று ஒரு நாளுக்கு மூன்று கட்டம். முள் காட்டுவதை அதில் எழுத வேண்டும். அண்ணனின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒருமுறை மின்சாரம் போய் அரை நாள் வரவில்லை. முள் பன்னிரண்டுக்கு ஏறியது. அண்ணன் பன்னிரண்டு என்றே எழுதிவிட்டு, இரண்டு தட்டு கோழியையும் ஒரு வாளி பாலையும் தானே தூக்கிப்போய்க் கொட்டினார். முதலாளி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து, "மூக்குக்குத் தெரியிற அளவுக்குக் கெட்டுப்போனா யாரும் சாப்பிட மாட்டாங்க முதலாளி. தெரியாத அளவுக்குக் கெட்டுப்போனதுதான் ஆளைக் கொல்லும்" என்றார். அன்றைக்கு நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். பால் பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பார், மிச்சம் வைத்த சோற்றுக்கு மணிக்கணக்குப் பார்ப்பார். "என்னைக் கட்டுனதுக்கு ஒரு ஃபிரிட்ஜைக் கட்டியிருந்தா இந்த மனுஷன் சந்தோஷமா இருந்திருப்பாரு" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களுக்கு ஒரே மகள். அந்த மகளால் வந்த பயம் அது.

மகள் ஒன்பது வயதில் பள்ளியோடு சுற்றுலா போனபோது வழியில் ஒரு கடையில் சாப்பிட்டாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அண்ணன் அந்தப் பதினோரு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிழைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடையைச் சுகாதார ஆய்வாளர் இரண்டு மாதத்துக்கு முன்பே சோதித்து, மோசம் என்று எழுதியிருந்தார். எழுதியது அலுவலகக் கோப்புக்குள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அதனால்தான், சோதனை முடிவை எல்லா உணவகங்களும் வாசலில் ஒட்ட வேண்டும் என்று நகராட்சி பேச ஆரம்பித்ததும் அண்ணனுக்கு உயிர் வந்தது. நன்று என்றால் பச்சை, குறை இருந்தால் மஞ்சள், மூட வேண்டும் என்றால் சிவப்பு. பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். முதலாளிமார் எல்லாரும் ஆள் திரட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் முதலாளியும் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், 'வேண்டாம்' என்கிற பக்கத்து நாற்காலிகளில் உட்காரவைத்தார். "ஒரு கரப்பான் பூச்சிக்காக வயித்துல அடிக்காதீங்க" என்று ஒருவர் மைக்கில் கத்தினார். கைதட்டல். அந்தப் பக்கத்திலிருந்துதான் அண்ணன் எழுந்தார். முதலாளி தன் ஆள் பேசப்போகிறார் என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

"எம்பொண்ணு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா" என்றார் அண்ணன். "அந்தக் கடை சரியில்லன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எழுதிட்டாங்க. எழுதி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. அந்தக் காகிதம் கதவுல இருந்திருந்தா எம்பொண்ணு உள்ள போயிருக்க மாட்டா. அவளுக்கு அப்பவே நல்லாப் படிக்கத் தெரியும்."

அவ்வளவுதான் பேசினார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டம் வந்தது. முதலாளி அண்ணனை வேலையைவிட்டு அனுப்புவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் விவரமான ஆள். "இவ்வளவு பேசுனீங்கல்ல, எனக்குப் பச்சை வாங்கிக் கொடுங்க" என்றார். அண்ணன் வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவில் முதல் பச்சை எங்களுடையதுதான். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகளை வரவழைத்து, அட்டைக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தார். "பச்சை இல்லாத கடையில காலை வைக்காதே" என்று அவளிடம் அன்றைக்குச் சொன்னார். அவள் அதைக் கடைசிவரை மீறவில்லை.

அட்டை வந்ததில் ஒன்று மாறியது. அதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் முள் ஏழுக்குப் போனால் ஏழு என்று எழுதலாம். ஆய்வாளர் வருவார், திட்டுவார், ஒரு வாரம் தவணை கொடுப்பார், சரிசெய்தால் முடிந்தது. அது அவருக்கும் முதலாளிக்கும் நடுவோடு போகும். இப்போது ஏழு என்று எழுதினால் அது கதவில் மஞ்சளாக நிற்கும். பக்கத்துக் கடைக்கு மஞ்சள் வந்தது. சாக்கடை மூடி சரியில்லை, கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை, அவ்வளவுதான் குறை. மூன்று வாரத்தில் அங்கே ஈ காக்கை இல்லை. அந்தக் கடைக்காரம்மா ஒருநாள் மத்தியானம் அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அடுத்த மாதம் கடையே இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குக் கிருமியைவிட மஞ்சள்மேல்தான் அதிகப் பயம்.

அடுத்த வெயில் காலத்தில் குளிர் அறை மோட்டாரின் சத்தம் மாறியது. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தது. அண்ணன் புறங்கையைக் கதவில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. முள் ஏழில் இருந்தது. பேனாவை எடுத்தபோது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, ஏழுன்னு போடாதீங்க. மெக்கானிக் வியாழக்கிழமை வர்றான்."

"ஏழு இருந்தா ஏழுதானே முதலாளி போடணும்."

"மூணு நாள். மூணு நாளுக்காக எட்டுக் குடும்பம் தெருவுல நிக்கணுமா? பக்கத்துக் கடையப் பாத்தீங்கல்ல?"

அண்ணன் திரும்பி எங்களைப் பார்த்தார். மாஸ்டர் அடுப்பைத் தணித்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். 'எழுதுங்கண்ணே, ஏழுன்னே எழுதுங்க' என்று எங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும், எழுதியிருப்பார். எனக்கு அந்த மாதம் மகனின் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரம். அண்ணன் நாலு என்று எழுதினார்.

மெக்கானிக் வந்தான், வாயு நிரப்பினான், முள் ஐந்துக்கு இறங்கியது. ஒரு மாதம் கழித்து எட்டு. மறுபடி வந்தான். புது மோட்டார்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். முதலாளி 'இந்த மாதம் போகட்டும்' என்றார், ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு பதினான்கு மாதம் ஓடியது. காரணம் எளிது, அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் குளிர்ந்து கிடக்கும், மத்தியானம் ஏறும், சாயங்காலம் இறங்கும். ஒவ்வொரு நாளும் தப்பித்துக்கொண்டோம், தப்பித்ததையே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணனிடம் சிரிப்பு போயிற்று. புறங்கையைக் கதவில் வைப்பதையும் விட்டுவிட்டார். பிறகு ஒன்று செய்ய ஆரம்பித்தார். மாதத்தின் முதல் நாள் காலையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவார். நாலு, நாலு, நாலு. பார்க்க உண்மையாக இருக்க வேண்டும் என்று நடுநடுவே ஒரு மூன்று, எப்போதாவது ஒரு ஐந்து. நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் என்ன குளிர் இருக்கும் என்று ஆணியில் முன்கூட்டியே தொங்கும். தினமும் மூன்று தடவை பொய் எழுதக் கை வரவில்லை, அதனால் மாதத்துக்கு ஒரு தடவை எழுதினார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒருநாள் தாள் காற்றில் கழன்று என் காலடியில் விழுந்தது. எடுத்தபோது பின்பக்கம் தெரிந்தது. பென்சிலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், தேதிவாரியாக எண்கள். ஆறு, ஒன்பது, எட்டு. ஆறு, பத்து, ஒன்பது.

"என்னண்ணே இது?"

"எங்கயாவது ஒரு இடத்துல உண்மை இருக்கணும்ல தங்கச்சி."

"பின்பக்கத்துல இருந்தாப் போதுமா?"

அவர் தாளை வாங்கி, முன்பக்கம் வெளியே தெரியும்படி ஆணியில் மாட்டினார். அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். அதுவரை நாங்கள் எல்லாரும் உணவகச் சாப்பாடுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் மாஸ்டரின் டப்பா பலகையில் ஏறியது, பிறகு என்னுடையது. பரிமாறுகிற பெண்கள்கூடக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், அந்தச் சோற்றை மட்டும் நாங்கள் சாப்பிடவில்லை.

குளிர் காலத்தில் ஆய்வாளர் வந்தார். எந்நேரமும் கையில் டார்ச் விளக்கு வைத்திருப்பதால் அவருக்கு 'டார்ச்' என்று பெயர். ஒரு நாளைக்கு ஆறு கடை பார்க்க வேண்டியவர், காலை எட்டு மணிக்கு எங்களிடம் வந்தார். இரவெல்லாம் திறக்காத அறை, முள் ஐந்தில் நின்றது. மேஜைக்கு அடியில், சாக்கடையில், எங்கள் நகங்களில் எல்லாம் விளக்கை அடித்துப் பார்த்தார். கடைசியில் தாளுக்கு வந்தார். அன்றைக்குத் தேதி ஒன்பது. தாளில் கடைசிக் கட்டம் வரை நிரம்பியிருந்தது. அதுவும் போதாதென்று, அந்த மாதத்துக்கு முப்பது நாள்தான். அச்சடித்த தாளில் முப்பத்தொன்று வரை கட்டம் இருந்ததால், அண்ணன் இல்லாத நாளுக்கும் மூன்று வேளை நாலு டிகிரி போட்டிருந்தார். டார்ச் ஒன்பதாம் தேதிக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடித்த கை பத்தாம் தேதியின் நாலு டிகிரி மேல்தான் இருந்தது. "இந்த மாதிரிதான் தாள் வச்சிருக்கணும்" என்று அண்ணனைப் பாராட்டிவிட்டுப் புது அட்டையை நீட்டினார். பச்சை.

அவர் போன பிறகு அண்ணன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துருவாருன்னு நினைச்சேன்" என்றார்.

"நல்லவேளை பாக்கலண்ணே."

"எடுத்து ஒளிச்சிருக்கலாம் தங்கச்சி. வேணும்னுதான் ஒளிக்கல. பாத்துருவாரு, இன்னையோட முடிஞ்சுரும்னு இருந்தேன்."

வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். நானும் கேட்கவில்லை. அவர் பிடிபடக் காத்திருந்தார், நாங்கள் பிடிபடாமலிருக்கக் காத்திருந்தோம்.

மறுபடி வெயில் வந்தது. மோட்டார் இழுக்கும் சத்தம் இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது, அது நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம். கதவின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நான் காலையில் ஒரு கோணியை மடித்துப் போடுவேன், மத்தியானத்துக்குள் அது ஊறிவிடும். அந்த நாள் தேதி பன்னிரண்டு. பதினொன்றரை மணிக்கு அண்ணன் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியதைப் பார்த்தேன். பதினொன்று. உள்ளே, பச்சை முட்டையை அடித்து முந்தின நாள் காலையில் செய்த மயோனைஸ் ஒரு வாளி இருந்தது. வேகவைத்துப் பிய்த்த கோழியோடு அதைக் கலந்து, குளிரக் குளிரத் தட்டில் வைப்பதுதான் என் வேலை. வெயில் காலத்தில் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

பன்னிரண்டரைக்கு ஜன்னல் ஓரத்து நீண்ட மேஜையில் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு அலுவலகத்து ஆட்கள். நடுவில் இருந்த வெள்ளைத் தலைக்காரருக்கு அன்றைக்குப் பணி ஓய்வு. கோப்புகள் வைக்கும் அறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. தட்டு கொடுக்கும் சாளரத்தின் வழியாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா."

அண்ணன் கையில் முட்டைத் தட்டோடு நின்றார். படிப்பு முடிந்து அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த சிரிப்பு அது.

"சொல்லாம வந்துட்டியேம்மா."

"எங்க போகலாம்னு என்னைத்தான் கேட்டாங்கப்பா. பச்சை அட்டை இருக்கு, எங்கப்பாவும் அங்கதான் இருக்காருன்னு சொன்னேன். சார் உடனே சரின்னுட்டாரு."

"என்ன சொல்லியிருக்கீங்க சாப்பிட?"

"குளிர்ந்த கோழிதான். எல்லாருக்கும் அதுதான்."

சிரிப்பு அங்கேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். என் முன்னால் பன்னிரண்டு தட்டு வரிசையாக இருந்தது, பாதியில் கோழி வைத்தாயிற்று. பிறகு கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார். முதலாளி அந்த மேஜைக்காரர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் முட்டைத் தட்டைக் கீழே வைத்தார். 'கொட்டு தங்கச்சி, எல்லாத்தையும் கொட்டு' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொல்லியிருந்தால் கொட்டியிருப்பேன். அவர் சொல்ல வேண்டும் என்று நான் ஏன் காத்திருந்தேன் என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அவர் மகளைப் பின்கதவுப் பக்கம் வரச்சொன்னார்.

"அம்மாவுக்கு மயக்கமாம். இப்பதான் பக்கத்து வீட்டுல இருந்து போன் வந்துச்சு. நீ உடனே கிளம்பு. நான் முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

"ஐயோ, என்னாச்சுப்பா? சார்கிட்ட சொல்லிட்டு..."

"நான் சொல்லிக்கிறேன். போம்மா. ஒரு வாய்கூட வைக்காதே, நேரா போ."

அவள் பின்கதவு வழியாக ஓடினாள். அங்கே போன் எதுவும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். நான் பதினோரு தட்டில் மயோனைஸ் கலந்து வைத்தேன். பன்னிரண்டாவதைத் தள்ளிவைத்தேன்.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் கிளம்பும்போது அந்த வெள்ளைத் தலைக்காரர் சாளரத்துக்கு வந்தார். கையில் அவருக்குக் கொடுத்த மாலையைச் சுருட்டி வைத்திருந்தார். "தட்டு ரொம்ப அழகா வச்சிருந்தீங்கம்மா" என்றார். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா எங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க." நான் தலையாட்டினேன்.

மகள் வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. சாயங்காலம் கேட்டபோது, யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்றார். அவள் நம்பினாள். மறுநாள் அலுவலகத்தில் நாலு நாற்காலி காலி. அதற்கு அடுத்த நாள் ஒன்பது. பணி ஓய்வு பெற்றவருக்கு அங்கே இனி நாற்காலி இல்லாததால், அவர் ஆஸ்பத்திரியில் கிடப்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர் ஆறாம் நாள் இறந்துபோனார்.

டார்ச் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். மத்தியான நேரம். முள் பத்தைத் தாண்டி நின்றது. அவர் முள்ளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். வரப்போகிற நாட்களின் நாலு டிகிரியெல்லாம் வரிசையாக இருந்தது. விளக்கை அணைத்தார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் தாளை ஆணியிலிருந்து எடுத்து, திருப்பி, டார்ச்சின் கையில் கொடுத்தார். "பின்பக்கம் பாருங்க சார். பழைய தாள்லயும் இருக்கு." பதினான்கு மாதமும் அதில் இருந்தது. கதவில் சிவப்பு ஒட்டினார்கள்.

வழக்கு நடந்தது. முதலாளி எல்லாவற்றையும் மறுத்தார், அண்ணன் எதையும் மறுக்கவில்லை. நான் சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சாப்பாட்டு டப்பாக்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறை சொல்கிறேன். அட்டை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கதவில் ஒட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த அட்டையை நம்பி ஒருவர் உள்ளே வருகிறபோது, அவர் உயிரை நம்மிடம் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அதை நாங்கள் தெரிந்தே மறந்தோம்.

அண்ணன் சிறைக்குப் போகும் முன்பு ஒருநாள் அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். மகள் வாசல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் வந்ததைக் கவனித்தும் பேச்சை நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு மயக்கம்னு சொன்னீங்களே."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"அந்த மேஜையில பன்னெண்டு நாற்காலி இருந்துச்சுப்பா. என்னை மட்டும் எழுப்பி அனுப்பிட்டீங்க. நான்தான் அவங்களைக் கூட்டிட்டு வந்தேன். எங்கப்பா இருக்காருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

"நீ எனக்கு ஒரே பொண்ணும்மா."

"அவரும் ஒருத்தர்தாம்பா."

அண்ணன் ஒன்றரை வருஷத்தில் வெளியே வந்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள், வராமல் இருந்ததில்லை. அப்பாவின் மருந்தைப் பார்க்கிறாள், அம்மாவோடு பேசுகிறாள், சண்டை எதுவும் போடுவதில்லை. மத்தியானம் அம்மா சூடாகச் சமைத்து வைக்க, மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். அப்போது அவள் பையைத் திறந்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைக்கிறாள்.

முதல் ஞாயிறு அவள் அம்மா அழுதிருக்கிறார். அண்ணன் அழவில்லை. அந்த டப்பாவுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார். அவள் அதையும் தொடுவதில்லை, பையில் பாட்டில் இருக்கிறது.